சுவரில் தொங்கும் நிஞ்ஜா வாள்



சென்ற மாதம் ஒரு தாயின் கடிதம் கிடைத்தது. அவரது மூத்த மகன் கறுப்பு உறையில் போட்ட நேரான வாள் ஒன்றை யாரிடமோ விலைக்கு வாங்கி, முன் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறானாம். "ஜப்பான் நாட்டு நிஞ்ஜாக்களின் பழைய வாள் என்று வருவோர் போவோருக்கெல்லாம் காட்டுகிறான். இன்னொன்று வாங்கவும் பணம் சேர்க்கிறான். பேரப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து எங்காவது போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

போட்டுவிடாதீர்கள் சகோதரியே! மறைவாக எறிந்தால் வாளோடு மகனின் நம்பிக்கையும் போய்விடும். முதலில் அந்தப் பொருள் என்னவென்று அறிந்துகொள்வோம். அதன் பிறகு மகனோடு பேசுவது இலகுவாக இருக்கும்.

நேரான அலகு, சதுரமான கைக்காப்பு, கறுப்பு உறை - இதைத்தான் கடைகளில் நிஞ்ஜா வாள் என்று விற்கிறார்கள். ஆனால் அக்காலத்து நிஞ்ஜாக்கள் பயன்படுத்தினார்கள் என்று உறுதி செய்யப்பட்ட இத்தகைய வாள் ஒன்றுகூட இன்றுவரை கிடைக்கவில்லை. சற்று யோசித்துப் பாருங்கள். இகா, கோகா பகுதிகளைச் சேர்ந்த அந்த ஒற்றர்கள் வியாபாரியாகவும் துறவியாகவும் வேடமிட்டு எதிரியின் ஊருக்குள் நுழைந்தவர்கள். எவரிடமும் இல்லாத வடிவில் ஒரு வாளை இடுப்பில் செருகிக்கொண்டு போனால், தம்மைத் தாமே காட்டிக் கொடுத்ததாகி விடாதா?

இந்த வாளை உலகெங்கும் பரப்பியது சினிமாதான். 1981இல் வெளிவந்த 'என்டர் த நிஞ்ஜா' என்ற படத்தைத் தொடர்ந்து நிஞ்ஜாப் படங்கள் வரிசையாக வந்தன. வீடியோ கெசட்டுகள் வீட்டுக்கு வீடு போயின. 1987இல் ஆமைகளைக்கூட நிஞ்ஜாக்களாக்கித் தொலைக்காட்சிக் கார்ட்டூன் வந்துவிட்டது. படத்தில் பார்த்ததைக் கையில் பிடிக்க ஆசைப்பட்டவர்களுக்காகத் தொழிற்சாலைகள் வாள்களைச் செய்து குவித்தன. உங்கள் மகனின் வாளும் பெரும்பாலும் இந்த வரிசையில் வந்ததாகவே இருக்கும்.

அப்படியானால் ஜப்பானில் நேரான வாளே இருந்ததில்லையா? இருந்தது. அதுவும் நிஞ்ஜாக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது! நாரா நகரில் சோசோயின் என்ற மரத்தாலான பழைய களஞ்சியம் ஒன்று உண்டு. 756ஆம் ஆண்டு சக்கரவர்த்தி ஷோமு காலமான பின், அவருடைய பொருட்களைச் சக்கரவர்த்தினி கோமியோ காணிக்கையாக்கினார். அவை அந்தக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டன. நேரான வாள்களும் அங்கே பாதுகாக்கப்பட்டு வந்துள்ளன. காஷிமா ஆலயத்தில் உள்ள இன்னொரு நேரான வாளின் அலகு மட்டும் இரண்டு மீற்றருக்கும் அதிக நீளமானது. அது தேசியப் பொக்கிஷமாகப் பேணப்படுகிறது.

பத்தாம் நூற்றாண்டளவில், குதிரையேறிப் போரிடும் வீரர்கள் பெருகிய காலத்தில், வாள் வளைந்தது. வளைவு வருகின்ற விதமும் வியப்பானது. கொல்லர் வாளின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும், கூர்ப்பக்கத்தில் மெல்லியதாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவார். கூர்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து இறுகி, சற்று விரிவடையும். முதுகு மெல்லக் குளிரும். அந்த வேறுபாட்டினால் வாள் பின்பக்கமாக வளைந்துகொள்ளும்.

இனி, சேகரிக்க விரும்பும் மகனுக்குச் சில வார்த்தைகள்.

ஜப்பானில் ஒருவர் உண்மையான வாளை வைத்திருப்பதானால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவுச் சான்று வாளோடு கூடவே கைமாறும். புதிதாகச் செய்வதற்கு அனுமதி பெற்ற கொல்லர்கள் இருக்கிறார்கள். அவர்களும் மாதத்துக்கு இரண்டு நீள வாள்களுக்கு மேல் செய்ய முடியாது. எனவே எந்தச் சான்றும் இல்லாமல் மலிவு விலையில் "பழைய ஜப்பானிய வாள்" என்று ஒருவர் நீட்டினால், அந்தப் பேச்சுக்காகப் பணம் கொடுக்கக் கூடாது. அலங்கார வாளை அலங்கார வாள் என்று தெரிந்தே வாங்குவதில் ஏமாற்றம் இல்லை.

வாங்க முன்னர் பார்க்க வேண்டிய இடம் கைப்பிடியின் உட்புறம். நல்ல வாளில் அலகின் இரும்பு அப்படியே நீண்டு கைப்பிடிக்குள் செல்லும். அதை ஒரு மூங்கில் ஆணி இறுக்கி நிறுத்தும். மலிவான வாள்களிலோ எலிவால் போன்ற மெல்லிய கம்பி ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வாளை வீசினால் பற்றவைத்த இடம் முறிந்து அலகு பறக்கும். நீளமான துருப்பிடிக்கா உருக்கு அலகும் சுவருக்கு அழகே தவிர வீசுவதற்கு ஏற்றதல்ல. உங்கள் மகன் முற்றத்தில் வாளைச் சுழற்றிக் காட்டுபவராக இருந்தால், இன்றே இதைச் சொல்லி நிறுத்துங்கள்.

அடுத்தது, வைக்கும் இடம். கதிரைக்கு மேலும் கட்டிலுக்கு மேலும் தொங்கவிடக் கூடாது. ஆணி கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பூட்டக்கூடிய கண்ணாடி அலுமாரியே நல்லது. திறப்பு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். தாங்கியில் படுக்கையாக, உறையோடு, கூர்ப்பக்கம் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். அப்போதுதான் கூர்முனை உறையின் மரத்தில் அழுந்தாது. வெயில் படும் சுவரும், சமையலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம்.

வாளை உருவும்போது உறையின் கூர்ப்பக்கத்தைச் சுற்றி விரல்களை வைக்கக் கூடாது. அலகு மரத்தைக் கீறிக்கொண்டு வந்து விரலை அறுத்துவிடலாம். இன்னொருவரிடம் கொடுப்பதானால் உறையில் போட்டே கொடுக்க வேண்டும்.

பராமரிப்பு சிரமமான காரியமல்ல. அலகில் விரல் படக் கூடாது. வியர்வையின் உப்பு பட்ட இடத்தில் துரு எழும். நம்மைப் போல் கடற்காற்றும் ஈரப்பதனும் உள்ள நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது வெளியே எடுத்துப் பார்ப்பது நல்லது. மென்மையான துணியை அலகின் முதுகுப் பக்கமாக மடித்துப் பிடித்து, பிடியிலிருந்து நுனியை நோக்கித் துடைத்து, பழைய எண்ணெயை எடுக்க வேண்டும். பிறகு புதிய எண்ணெயை மிக மெல்லியதாகப் பூச வேண்டும். ஜப்பானியர் இதற்குப் பாவிப்பது சோஜி என்ற எண்ணெய். சோஜி என்றால் நமது கராம்புதான்! கனிய எண்ணெயில் சிறிது கராம்புத் தைலம் கலந்திருப்பார்கள். அது கிடைக்காவிட்டால், அலங்கார வாளுக்குத் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் போதும். சமையல் எண்ணெய் கூடாது. நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தோலுறையில் நீண்ட நாள் வைத்தாலும் ஈரம் தங்கித் துரு ஏறும்.

உண்மையாகவே பழைய வாள் ஒன்று கைக்கு வந்தால், கைப்பிடிக்குள் இருக்கும் பகுதியின் துருவை ஒருபோதும் தேய்த்து எடுக்கக் கூடாது. அந்தத் துருவைப் பார்த்தே வாளின் வயதைக் கணிக்கிறார்கள். கொல்லரின் பெயரும் அங்கேதான் வெட்டப்பட்டிருக்கும். பளபளப்பாக்கப் போய்ச் சாட்சியை அழித்தவர்கள் பலர்.

சோசோயின் களஞ்சியத்தை வருடத்துக்கு ஒரு தடவை, காற்று உலர்ந்திருக்கும் இலையுதிர் காலத்தில் திறந்து பொருட்களைப் பரிசோதிக்கிறார்கள். பெட்டகத்திலிருக்கும் கலியாணப் புடவையை நாம் எடுத்துக் காற்றாட விடுவதைப் போலத்தான். 1,250 வருடங்களுக்கு மேலாகப் பொருட்களைக் காத்தது இந்த இடைவிடாத கவனிப்பேயன்றி வேறென்ன?

முக்கியமான ஒரு விடயம் பாக்கி இருக்கிறது. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர், மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டதை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். வீட்டிலுள்ள ஒரு வாள் அலங்காரத்துக்கு வைத்ததுதான் என்பது நமக்குத் தெரியும். கதவைத் தட்டி வருபவருக்கு அது தெரியாது. ஆகவே இன்னொன்றை வாங்குவதற்கு முன், இப்போதிருப்பதை வைத்திருக்கலாமா என்பதைச் சட்டம் தெரிந்த ஒருவரிடமும் பொலிஸ் நிலையத்திலும் கேட்டுத் தெளிவு பெறட்டும். வைத்திருக்க முடியாது என்றால் உரிய முறையில் ஒப்படைத்துவிடட்டும். முடியுமென்றால் வாங்கிய பற்றுச்சீட்டு அலுமாரியிலேயே இருக்கட்டும்.

சகோதரியே, இன்றிரவு மகன் சாப்பிட்டு முடிந்ததும் பக்கத்தில் இருத்தி, "மகன், இந்த வாளைப் பற்றி எனக்குச் சொல்லித் தாங்க" என்று கேளுங்கள். அவர் நிஞ்ஜாக் கதையைச் சொல்லட்டும். நீங்கள் சோசோயினைப் பற்றிச் சொல்லுங்கள். கைப்பிடியைக் கழற்றி உள்ளே இருப்பது முழு இரும்பா, எலிவாலா என்று இருவருமாகப் பாருங்கள். எலிவாலாக இருந்தால் நீங்கள் சொல்லாமலே அவர் அதைச் சுவரிலிருந்து இறக்கிவிடுவார்.