சிறுகடைக்கும் ஒரு சட்டம் வேண்டும்!

பேரங்காடிகளில் கால் வீங்க நாளெல்லாம் நின்ற தொழிலாளர்க்கு இருக்கை தரவேண்டும் எனத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021-இல் சட்டம் செய்தது. கேரளம் அதனை 2018-இலேயே செய்துவிட்டது. நன்று, காலந்தாழ்ந்தேனும் அறம் அறமே.

ஆயின், அதே கோட்டையினின்று 2019-இல் வெளிவந்த ஆணை யாது? 10 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் கடைகள் ஆண்டு முழுதும் இரவு பகலாகத் திறந்திருக்கலாம் என்பதே! 2022-இலும் 2025-இலும் அது நீட்டிக்கப்பட்டது. தொழிலாளர்க்குக் கிழமைதோறும் ஒருநாள் விடுப்பு உண்டென அவ்வாணை கூறுவது மெய்யே. அவ்விடுப்பைச் சிறுகடைக்காரனுக்கு அளிப்பார் யார்? கணவனும் மனைவியுமாக நடத்தும் தெருமுனைப் பலசரக்குக் கடையில் முறைமாற்ற ஆளேது? ஆனையையும் ஆட்டையும் ஒரே களத்தில் இறக்கிவிட்டு, இதுவே போட்டி என்பது முறையோ?

தென்கொரியாவோ 2012-இல் நேர்மாறாகச் செய்தது. பேரங்காடிகளை நள்ளிரவுக்குப் பின்னும், திங்களில் சில நாளும் மூடச்செய்யும் உரிமையை உள்ளாட்சிகட்கு அளித்தது. முதலாளிகள் வழக்காடினர். அச்சட்டம் செல்லும் என 2018-இல் அந்நாட்டு அரசமைப்பு முறைமன்றம் தீர்ப்பளித்தது.

“பேரங்காடியில் விலை மலிவன்றோ?” என்பார் உளர். எதிர்க்கடை மூடும்வரை மலிவு. மூடியபின் அவன் வைத்ததே விலை! கூலி வரும்வரை கணக்கெழுதி அரிசி கொடுக்கும் பேரங்காடி எங்குளது?

எனவே, பேரங்காடிக்கு மூடும் நேரம் வகுத்திடுக! இருக்கை தராதவனை ஒறுத்திடுக! சிறுவணிகரும் கடைத்தொழிலாளரும் பகைவரல்லர்; இருவரையும் நசுக்குவது ஒரே கை. இருவரும் ஒன்றுபட்டுக் கேட்பின், கோட்டைக் கதவும் திறக்கும்!