தக்காளிக்கு எதற்கு ரூபாய்க் கணக்கு?

வெளிநாட்டில் வேலை கிடைத்துப் புறப்படுவோர் விசா, விமானச் சீட்டு, கம்பளி உடை என எத்தனையோ ஆயத்தங்களைச் செய்கின்றனர். அங்குள்ள மளிகைக் கடைக்குப் போவதற்கு மட்டும் எவரும் ஆயத்தமாவதில்லை. மும்பை மாட்டுங்காச் சந்தையில் கொத்துமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசிப் பழகிய நாங்கள் இருவரும் 2023ஆம் ஆண்டில் ஜெர்மனியில் குடியேறியபோது அந்த நிலையில்தான் இருந்தோம்.

முதல் நாள் கடையில் ஒரு கிலோ தக்காளி 3 யூரோ. அப்போது ஒரு யூரோவின் மதிப்பு ஏறத்தாழ 90 ரூபாய். '270 ரூபாய்க்குத் தக்காளியா!' என்று எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டோம். அன்று தொடங்கிய பெருக்கல் நான்கு மாதங்கள் ஓயவில்லை. கீரை, பழம், பருப்பு ஒவ்வொன்றையும் தொண்ணூறால் பெருக்கினோம், திரும்ப வைத்தோம். ரொட்டியும் உருளைக்கிழங்கும் வெறும் சோறுமாக நாள்கள் கழிந்தன. மிச்சப்படுத்திய தொகையைப் பெருமிதத்துடன் ஊருக்கு அனுப்பினோம். "இன்றைக்கு என்ன சமையல்?" என்று அம்மா தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் சாம்பார், பொரியல் என்று பொய் சொன்னோம்.

குளிர்காலத்தில் ஒரு காலை, எங்களுள் ஒருவர் டிராம் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தார். இரத்தத்தில் இரும்புச் சத்து மிகவும் குறைந்திருப்பதாகக் கூறிய மருத்துவர், நாள்தோறும் என்ன உண்கிறீர்கள் என்று கேட்டார். அக்கேள்விக்கு நிமிர்ந்து விடை கூற எங்களால் இயலவில்லை.

பெருக்கலில் பிழையில்லை, ஆனால் அது பாதிக் கணக்கு. யூரோவில் ஈட்டி யூரோவில் வாழ்பவர் விலையை மட்டும் ரூபாயாக மாற்றிப் பார்ப்பது பொருந்தாது. அந்த விலைக்கு எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும் என்பதே சரியான அளவுகோல். 2023இல் ஜெர்மனியில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12 யூரோ. வரிப் பிடித்தத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்தக் கடைநிலை ஊதியத்திலும் ஒரு கிலோ தக்காளி கால் மணி நேர உழைப்புதான்.

உண்மையில் எங்கள் பணம் கரைந்தது வேறு வழிகளில். நம் நாட்டைப் போல அங்கே பொட்டலத்தின்மேல் அதிகபட்ச விலை அச்சிடப்படுவதில்லை. ஒரே பொருள் கடைக்குக் கடை வேறு விலையில் கிடைக்கும். விலைச் சீட்டில் சிறிய எழுத்தில் உள்ள கிலோ விலையைப் பார்த்தால்தான் எது மலிவு என்பது விளங்கும். பல வாரங்கள் அதை நாங்கள் கவனிக்கவேயில்லை. ஒருமுறை மட்டும் பயன்படும் தண்ணீர் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும். நாங்களோ குப்பையில் எறிந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும் என்பதை அறியாமல், ரயில் நிலையக் கடையில் கூடுதல் விலை கொடுத்தோம். இந்திய அட்டையை நீட்டியபோது, 'ரூபாயிலா, யூரோவிலா?' என்று இயந்திரம் கேட்டது. பழக்கத்தால் ரூபாயைத் தொட்டோம். அப்போது மாற்று விகிதம் அங்கேயே நிர்ணயிக்கப்படுகிறது. அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே அமையும். உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுப்பதே நன்று.

துருக்கியர் நடத்தும் காய்கறிக் கடைகளையும் தாமதமாகவே கண்டறிந்தோம். வெண்டை, கத்தரி, கட்டுக் கட்டாகப் புதினா, கொத்துமல்லி, மைசூர்ப் பருப்பு எல்லாம் அங்கே இருந்தன. துவரம்பருப்புக்கு அலைந்த நாங்கள் மைசூர்ப் பருப்பில் சாம்பார் வைக்கக் கற்றோம்.

கல்விக் கடனின் தவணை காத்திருக்காது. சிக்கனமாக இருப்பதற்குத்தானே கடல் கடந்தோம் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. சிக்கனம் வேண்டும், ஆனால் வயிற்றை வாட்டிச் சேர்ப்பது சேமிப்பாகாது, உடலிடம் வாங்கும் கடன். அதற்கும் தவணை உண்டு என்பதை டிராம் நிறுத்தத்தில் அறிந்தோம். ஆகவே சம்பளம் வந்தவுடன் வாடகையோடு சேர்த்து உணவுக்கான தொகையையும் முதலில் ஒதுக்கிவிட வேண்டும். ஊருக்கு அனுப்புவது அதற்குப் பின்னரே என்பது எங்கள் கருத்து. பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பியுள்ள பெற்றோரும், 'இந்த மாதம் எவ்வளவு?' என்று கேட்பதற்கு முன் 'என்ன காய் வாங்கினாய்?' என்று கேட்பது நலம்.

இப்போது ஊருக்கு அனுப்பும் தொகை சற்றுக் குறைந்திருக்கிறது. "என்ன சமையல்?" என்று அம்மா கேட்டால், கைப்பேசியை அடுப்பின் பக்கம் திருப்பிக் காட்டுகிறோம்.