நூறு வரைக்கும் சொல்லுவான், ஐந்து ரொபி எடுக்கத் தெரியாது

"கணக்கு வராது, அதான் ஆர்ட்ஸுக்கு வந்தனாங்கள்." கலைப்பீடத்தில் படிக்கும் எங்களில் கனபேர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவோம். பொருளியலும் புள்ளிவிபரவியலும் எடுத்த நண்பர்களுக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். ஆனால் சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஒரு எஸ் எடுத்துத் தப்பி வந்த கதை எங்கள் அறைக்குள்ளேயே இரண்டு இருக்கிறது.

அப்படியான நாங்கள் மூன்று பேர்தான், அறை வாடகைக்காகப் பின்னேரங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு வீடு தேடிப்போய்ச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர்களில் ஒருவனுக்கு நாலரை வயது. முன்பள்ளிக்குப் போகிறான். எங்களுக்குத் தரப்பட்ட வேலை, தரம் ஒன்றுக்குப் போகமுதல் ஒன்றிலிருந்து நூறு வரை எழுதப் பழக்குவது. கட்டம் போட்ட கொப்பி, பென்சில், அழிறப்பர். ஒரு மாதம் அதைத்தான் செய்தோம்.

ஒருநாள் மேசையில் ஏழு ரொபியை வைத்து எத்தனை எண்டு கேட்டோம். விரலால் தொட்டுத் தொட்டு ஏழு வரை சரியாகவே எண்ணினான். "அப்ப எத்தனை ரொபி இருக்கு?" திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான். "அஞ்சு ரொபி தாங்கோ" என்றால் கை நிறைய அள்ளித் தந்தான். நூறு வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லுகிற பிள்ளைக்கு, எண்ணி முடிக்கும்போது சொல்லுகிற கடைசிச் சொல்தான் முழுத் தொகை என்பது இன்னும் பிடிபடவில்லை. நாங்கள் பழக்கியது ஒரு பாட்டை. அதற்குக் காசும் வாங்கினோம்.

அதே வாரம் அந்த வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள். அம்மம்மா கோப்பை எடுத்துவரச் சொல்ல, அவன் குசினிக்குள் போய், "அம்மம்மாக்கு ஒண்டு, அம்மாக்கு ஒண்டு, அண்ணாக்கு ஒண்டு, அக்காக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு" எண்டு சொல்லிச் சொல்லி எடுத்து வந்தான். ஐந்து பேருக்குச் சரியாக ஐந்து கோப்பை! ஒரு ஆளுக்கு ஒரு பொருள் எண்டு பொருத்துவதுதான் எண்ணுதலின் அத்திவாரம். அது அவனிடம் ஏற்கெனவே இருந்தது. குசினியில் இருந்த அந்தக் கணக்கு கொப்பிக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

எங்களுடைய கருத்து இதுதான்: முன்பள்ளி வயதில் இலக்கம் எழுதவைப்பதைக் குறைத்து, எண்ணிக்கையைக் கையால் தொட்டு உணரவைப்பதைக் கூட்டவேண்டும். இது புதுக்கதை இல்லை. 1999இல் நாடு முழுக்க வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே தரம் ஒன்றிலும் இரண்டிலும் விளையாட்டுக்கு முதலிடம், பிறகு செயற்பாடு, மேசை வேலை மிகக் குறைவாக எண்டுதான் சொன்னது. தரம் ஒன்றிலேயே மேசை வேலை குறைவாக இருக்கவேண்டும் என்றால், அதற்கு முதல் நாலரை வயதில் பக்கம் பக்கமாக எழுதவைப்பது எந்த நியாயம்?

விளையாட்டு என்றால் நேரத்தை வீணாக்குவது எண்டு நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் கீதா ரமணியும் ரொபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வொன்று இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளை, ஒன்று முதல் பத்து வரை இலக்கமிட்ட பெட்டிகள் வரிசையாக உள்ள பலகையில் விளையாடவிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறையக் கால் மணித்தியாலம். எண்ணுவதிலும் எது பெரிய எண் எண்டு ஒப்பிடுவதிலும் அந்தப் பிள்ளைகள் முன்னேறினார்கள். இலக்கத்துக்குப் பதிலாக நிறம் பூசிய பலகையில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

இதற்குக் கடைச் சாமான் எதுவும் தேவையில்லை. முற்றத்து மண்ணில் பத்துப் பெட்டி கீறி, ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதலாம். இரண்டு புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயக்கட்டை ரெடி. ஒரு விதிதான் முக்கியம். மூன்றில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால் "ஒண்டு, ரெண்டு" எண்டு நகரக்கூடாது, "நாலு, அஞ்சு" எண்டு சொல்லி நகரவேண்டும்.

இன்னொரு விசயம், மொழி. எங்கள் மொழியில் பதின்மூன்று என்றால் அந்தச் சொல்லுக்குள்ளேயே பத்தும் மூன்றும் கேட்கிறது. இருபத்தொன்று, முப்பத்திரண்டு எல்லாம் அப்படித்தான். 'இலெவன்', 'ட்வெல்வ்' என்ற சொற்களுக்குள் பத்து எங்கே என்று பிள்ளைக்குத் தெரியாது. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு "வன், டூ, த்ரீ" மட்டும் பழக்கிப் பெருமைப்படும்போது, சும்மா கிடைத்த ஒரு உதவியை நாங்களே பறிக்கிறோம். தமிழிலும் சிக்கல் இருக்கிறதுதான். எண்பத்தொன்பதுக்குப் பிறகு வரும் தொண்ணூறு, நூறு மாதிரிக் கேட்டுக் குழப்பும். அதைப் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகளை வைத்துக் காட்டலாம்.

இதைச் சொல்லும்போது ஒரு பயமும் இருக்கிறது. "வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கோ" என்றால் அது கடைசியில் அம்மாமாரின் தலையில் விழுகிற இன்னொரு வேலை. அந்தப் பிள்ளையின் அம்மா ஆறு மணிக்குத்தான் வேலையால் வருகிறா. அதனால் தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. அரிசி அளக்கும்போது எத்தனை சுண்டு எண்டு பிள்ளையை எண்ணவிடலாம். கடைக்குப் போகும் அப்பா மிச்சக் காசை அவனிடம் கொடுத்து எண்ணச் சொல்லலாம். அண்ணாவும் அக்காவும் தாயம் விளையாடலாம். ரீச்சர்மாரையும் குறை சொல்லமுடியாது. சொற்பக் கொடுப்பனவுக்கு வேலை செய்யும் அவர்களை, பெற்றோர் கொப்பியில் நிரம்பிய பக்கங்களை வைத்துத்தானே அளக்கிறோம்.

கணக்குக்குப் பயந்த நாங்கள் சொல்லிக்கொடுக்கலாமா என்ற கேள்வியும் வந்தது. எரின் மெலோனியும் சகாக்களும் அமெரிக்காவில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், கணக்குப் பயம் உள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுவேலைக்கு உதவிய இடத்தில் பிள்ளைகள் குறைவாகக் கற்றார்கள், பயமும் கூடியது. வாசித்தபோது சுட்டது. "எனக்கும் கணக்கு வராது" எண்டு பிள்ளைக்கு முன்னால் சொல்வதை அன்றோடு நிறுத்தினோம்.

அம்மாவிடமும் கதைத்தோம். "எழுதாட்டி ரீச்சர் பேசுவா தம்பி" என்றா. அதுவும் உண்மைதான். இப்போது பத்து நிமிசம் கொப்பி, மிச்சம் முற்றம். போன கிழமை ஆறு புளியங்கொட்டை கேட்டோம். எண்ணி ஆறு தந்துவிட்டு, "இன்னும் வேணுமோ?" எண்டு கேட்டான்.