உங்கள் தளத்தின் பெயர் யார் கையில்?

கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வந்தவுடன் பலரும் அடுத்துச் செய்வது, தங்கள் தொழிலுக்கு ஓர் இணைய தளம் தொடங்குவதுதான். படங்களையும் வண்ணங்களையும் பார்த்துப் பார்த்து மாற்றச் சொல்பவர்கள், தளத்தின் பெயர் யார் பெயரில், எந்தத் தேதி வரை பதிவாகி இருக்கிறது என்று கேட்பதில்லை. இதைச் சோதிக்க ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் காவேரிப்பட்டினம் பக்கம் மாங்கூழ் ஆலைகள் அதிகம். தளத்தின் பெயர் காலாவதியானால் தளம் மட்டும் மறைவதில்லை. அந்தப் பெயரில் உள்ள மெயில் முகவரிகளும் நின்றுவிடும். சீசன் நேரத்தில் வரும் ஆர்டர் மெயில் என்ன ஆகும்? நான் பார்த்த சில தளங்களின் பெயர், வடிவமைத்துத் தந்தவர் பெயரிலேயே இருந்தது. ஆலையின் பட்டாவை இப்படி இன்னொருவர் பெயரில் விடுவோமா?

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியுள்ளன. பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா நண்பருடன் தொடங்கிய ஹாட்மெயிலை மைக்ரோசாப்ட் 1997ல் வாங்கியது. 1999 டிசம்பரில் பாஸ்போர்ட்.காம் என்ற பெயரைப் புதுப்பிக்க அது தவறியது. ஹாட்மெயிலில் நுழைய அந்தப் பெயர் தேவை என்பதால் பலரால் மெயில் பார்க்க முடியவில்லை. 35 டாலர் கட்டணத்தைக் கட்டியவர் யாரோ ஒரு லினக்ஸ் புரோகிராமர்!

'இதெல்லாம் இன்ஜினியர் வேலை' என்று ஒதுங்க வேண்டாம். விண்டோஸில் ஸ்டார்ட் கிளிக் செய்து சி, எம், டி என டைப் செய்து என்டர் தட்டுங்கள். திறக்கும் கறுப்பு விண்டோவில் என், எஸ், எல், ஓ, ஓ, கே, யு, பி என்ற எட்டு எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு உங்கள் தளத்தின் பெயரைத் தந்து மீண்டும் என்டர் தட்டுங்கள். தளம் இருக்கும் சர்வரின் ஐ.பி. எண் கிடைக்கும். 'நான் அதாரிடேட்டிவ்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். அது பிழைச் செய்தி அல்ல; இடையில் உள்ள சர்வர் தன் நினைவிலிருந்து பதில் தருகிறது என்றே பொருள். தளப் பெயருக்கு முன் சிறு கோடு, டைப், சமக்குறி, எம்.எக்ஸ். ஆகியவற்றை இடைவெளியின்றிச் சேர்த்தால், மெயில் எந்த சர்வருக்குப் போகிறது என்பதும் தெரியும்.

இந்தக் கட்டளை காலாவதித் தேதியைக் காட்டாது. .காம் போன்ற பெயர்களுக்கு, ஐகேன் அமைப்பின் 'லுக்கப்' பக்கத்தில் பிரவுசரிலேயே அதைப் பார்க்கலாம். இதற்கு முன்பு பயன்பட்ட 'ஹூஈஸ்' முறைக்குப் பதிலாக 2025 ஜனவரியில் ஆர்.டி.ஏ.பி. முறை வந்துள்ளது. பல பதிவுகளில் உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். எனவே பதிவுக்கான ரசீது, யூசர் நேம், பாஸ்வேர்ட் மூன்றையும் வடிவமைப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

புதுப்பிப்பு நினைவூட்டல் வேறொரு மெயில் முகவரிக்கு வரும்படி அமைத்திடுங்கள். தளத்தின் பெயரிலேயே உள்ள முகவரியைத் தந்தால், பெயர் முடங்கும்போது அதுவும் சேர்ந்து முடங்கிவிடும்.