விதை நம்முடையது, மருந்தும் நம்முடையதாகட்டும்!

குண்டடம், தாராபுரம், மூலனூர் வட்டாரத் தோட்டங்களில் மழைக்காலத்தில் கம்பிப் பந்தல்கள் தீப்பற்றியதுபோல் சிவந்து நிற்கும். அதுதான் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். உழவர்கள் அதைக் கண்வலிக் கிழங்கு என்பார்கள்.

பூ அழகு, ஆனால் செடி முழுவதும் நஞ்சு. கிழங்கைத் தின்றால் உயிர் போகும். குழந்தைகளை நெருங்க விடக்கூடாது.

அந்த நஞ்சுதான் மருந்தும் ஆகிறது! விதையில் உள்ள நஞ்சின் பெயர் கோல்சிசின். மருத்துவர் மிகச் சிறிய அளவில் கொடுத்தால், கால் பெருவிரல் வீங்கித் துடிக்கும் 'கவுட்' நோயை அது தணிக்கும். அதையே சற்று மாற்றினால் தசைப்பிடிப்புக்கு மருந்தாகும். அதன் பெயர் தயோகோல்சிகோசைடு.

எப்படி மாற்றுவது? கந்தகத்தைச் சேர்ப்பது இரசாயன வேலை. பிறகு குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் சர்க்கரையை ஒட்ட வேண்டும். அதேபோன்ற இடங்கள் பக்கத்திலும் உள்ளன. இரசாயனத்துக்கு இடம் பிரித்துப் பார்ப்பது கடினம். நுண்ணுயிருக்கோ அது கைவந்த கலை!

பால் தயிராவதும், தோசை மாவு பொங்குவதும் நுண்ணுயிர்களின் வேலைதானே? அவற்றின் இனத்தாரில் ஒன்று 'பாசில்லஸ் மெகாதீரியம்'. கோல்சிசினில் சரியான இடத்தை மட்டும் அது மாற்றுவதை 1995-ல் ஐரோப்பிய விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினர். பின்னர் இந்திய விஞ்ஞானிகளும் 70 லிட்டர் கலனில் இத்தகைய மாற்றத்தைச் செய்து காட்டினர்.

இதனால் குண்டடத்துக்கு என்ன லாபம்? அதுதான் கேள்வி.

காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்து விதையை விளைவிப்பவர் உழவர். விலை வைப்பவரோ வியாபாரி. ஓராண்டு ஏறும், மறு ஆண்டு சரியும். மருந்தின் லாபம் வேறு ஊருக்குப் போய்விடுகிறது.

பஞ்சை மூட்டையாக விற்றதோடு நின்றிருந்தால் திருப்பூருக்கு இந்தப் பெயர் வந்திருக்குமா? பஞ்சு நூலாகி, நூல் பனியன் ஆனதால்தானே வந்தது!

செங்காந்தளுக்கும் அதே வழிதான். முதலில், விதையில் எவ்வளவு கோல்சிசின் இருக்கிறது என்று சோதித்து, தரத்துக்கேற்ற விலை தர வேண்டும். அடுத்து, உழவர் சங்கமே கோல்சிசினைப் பிரித்தெடுக்க ஆலை வேண்டும். அதன்பின் நுண்ணுயிர்க் கலன். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. அரசு கை கொடுக்க வேண்டும்.

தாமதம் கூடாது. செங்காந்தள் கோல்சிசினை உண்டாக்கும் வழியின் பெரும்பகுதியை 2020-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்துவிட்டனர். நாளை செடியே இல்லாமல் மருந்து செய்யும் காலம் வரலாம். அதற்குள் குண்டடம் முந்திக்கொள்ளட்டும்!