சறுக்கு மரத்தைக் காட்டாதீர்; ஒப்பந்தத் தாளைக் காட்டுங்கள்!



இணைய நிறுவனங்களில் பணிபுரிவோருக்கு அங்கே பிடித்தவை எவை, பிடிக்காதவை எவை என்று பட்டியல் போடுவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. 'பணிபுரியச் சிறந்த இடங்கள்' என்று ஆண்டுதோறும் வரிசை எண் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியல்கள் தன்முனைப்புப் பேச்சாளர்களின் மடிக்கணினியில் ஏறி, சிம்பாங் பூலாய் சாலை வழியாகக் கம்போங் ராஜாவுக்கும் வந்து சேர்கின்றன. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் காய்கறித் தோட்டத்துப் பிள்ளைகளும் வாய் பிளந்து பார்க்கிறார்கள். திரையில் வண்ண நாற்காலிகள், மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்கு இறங்கச் சறுக்கு மரம், விலையில்லாச் சாப்பாடு, பகலில் கண்ணயர ஒரு தனியறை! "நன்றாகப் படித்தால் நீங்களும் இங்கே போகலாம்" என்கிறார் பேச்சாளர். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். பெற்றோர் அதைவிடப் பலமாகத் தட்டுகிறார்கள்.

அந்தப் படக்காட்சியின் மீதுதான் என் வழக்கு. அந்த வேலையின் மீது எனக்குப் பகை ஏதுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழுந்துக் கூடை சுமந்தவரின் பேரப்பிள்ளை கணினி முன் அமர்ந்து மாதச் சம்பளம் வாங்குவதைக் கண்டு மகிழாதவன் ஆசிரியனாக இருக்கத் தகுதியற்றவன். என்னிடம் பயின்றவர்களில் சிலர் கோலாலம்பூரிலும் சைபர்ஜெயாவிலும் பினாங்கிலும் இத்தகைய பணிகளில் இருக்கிறார்கள். தீபாவளிக்கு மலையேறி வரும்போது அவர்களிடம் நான் கேட்பதுண்டு: "அங்கே உனக்குப் பிடித்தது என்ன?"

ஒருவர்கூட இதுவரை சறுக்கு மரம் என்று சொன்னதில்லை. சம்பளம் சொன்ன நாளில் வருகிறது என்றான் ஒருவன். அப்பாவை மருந்து தெளிக்கும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன் என்றாள் இன்னொருத்தி. எந்தத் தோட்டம், யார் மகன் என்று யாரும் கேட்பதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் பக்கத்தில் அமர்ந்து சொல்லித் தருகிறார்கள் என்றார்கள் வேறு சிலர். இவையெல்லாம் மெய்யான நன்மைகள். இவற்றைப் படம் பிடித்துத் திரையில் காட்ட இயலாது. அதனால்தானோ என்னவோ பேச்சாளர்கள் இவற்றைச் சொல்வதேயில்லை!

பிடிக்காதவற்றைக் கேட்டால் குரல் தாழ்கிறது. இரவு பதினொரு மணிக்கும் கைத்தொலைபேசிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். திரையை எத்தனை நிமிடம் பார்த்தாய், இருக்கையை விட்டு எத்தனை நிமிடம் எழுந்து போனாய் என்று கணினியே கணக்கெடுக்கிறது. ஒரே கட்டடத்தில், ஒரே மேசையில், ஒரே வேலையைச் செய்பவர் இருவர். ஒருவர் நிறுவனத்தின் ஊழியர், மற்றவர் ஒப்பந்த முகவர் அனுப்பிய ஆள். கழுத்து அட்டையின் நிறமே வேறு. மக்கள் பதிவேற்றும் கொடூரக் காட்சிகளைப் பார்த்துப் பார்த்து நீக்குவது ஒரு மாணவியின் வேலை. "தூக்கம் வருவதில்லை, சார்" என்றாள். அந்தக் கட்டடத்திலும் தூங்குவதற்குத் தனியறை உண்டாம்.

இப்போது கொஞ்சம் நம் சொந்த வரலாற்றைப் புரட்டுவோம்.

தோட்டத்தில் எல்லாமே 'இலவசம்'தான். லயத்து வீடு இலவசம், தண்ணீர் இலவசம், மருந்துக் கொட்டகை இலவசம், ஆயாக் கொட்டகை இலவசம், கோயில் திருவிழாவுக்குத் துரை தரும் நன்கொடையும் இலவசம். எல்லாம் வேலிக்குள்ளேயே கிடைத்தன. வேலை போன அன்று வீடும் போயிற்று. பிள்ளையின் பள்ளியும் சாமியும்கூடப் போயின. ஓய்வு பெற்றவர் சட்டி பானையுடன் லயத்தைக் காலி செய்த கதையைக் கேளாத குடும்பம் தோட்டத் தமிழரிடையே உண்டா?

சில துரைமார் நல்லவர்கள். உண்மைதான், எங்கள் மூத்தோர் இன்றும் நன்றியோடு நினைவுகூரும் துரைகள் உண்டு. ஆனால் துரை மாறியதும் எல்லாம் மாறிவிடும். நல்ல துரையின் காலத்தில் கிடைத்த எதையும் எழுத்தில் வாங்கி வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும். நம்மிடம் நிலைத்தவை சட்டமாக எழுதப்பட்டவை மட்டுமே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு கட்டாயப்படுத்தியது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் இத்தனை எழுந்ததற்கு அந்த ஒரு விதிக்குப் பெரும் பங்குண்டு. துரையின் தாராள மனத்தை நம்பியிருந்தால் நான் எந்தப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன்?

இந்தப் பழங்கதைக்கும் இணைய நிறுவனத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2023 சனவரி 20ஆம் நாள், கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட் ஏறத்தாழ 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. அறிவித்தவர் யார்? மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர், நம் நாளிதழ்கள் தமிழினத்தின் பெருமை என்று பக்கம் பக்கமாக எழுதிய சுந்தர் பிச்சை. இந்த முடிவுகளுக்குத் தாமே முழுப் பொறுப்பேற்பதாகவும் அவர் எழுதினார். பொறுப்பேற்றவருக்கு வேலை இருந்தது. பன்னிரண்டாயிரம் பேருக்கு இல்லை. உலகிலேயே மிகச் சிறந்த பணியிடம் என்று பலமுறை முதலிடம் பெற்ற நிறுவனம் அது. சறுக்கு மரத்துக்கும் சாப்பாட்டுக்கும் பெயர் வாங்கியதும் அதுவே.

இன்னும் அருகில் வருவோம். திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய பிரெஷ்வொர்க்ஸ் நிறுவனம், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஏறியது. ஊழியர்களில் 500 பேருக்கு மேல் ஒரே நாளில் கோடீசுவரர் ஆயினர். அவர்களில் ஏறத்தாழ 70 பேர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உழைத்தவருக்குப் பங்கு கொடுப்பது எந்தத் தோட்ட முதலாளியும் கனவிலும் செய்யாதது. மூன்றே ஆண்டுகள் சென்றன. 2024 நவம்பரில் அதே நிறுவனம் தன் ஊழியர்களில் 13 விழுக்காட்டினரை, அதாவது ஏறத்தாழ 660 பேரை நீக்குவதாக அறிவித்தது. அதே வேளையில் 40 கோடி அமெரிக்க டாலர் வரை செலவிட்டுத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கப்போவதாகவும் அறிவித்தது! கையில் அவ்வளவு பணமிருந்தும் ஆட்குறைப்பா என்று, சோகோ நிறுவனத்தைத் தோற்றுவித்த ஸ்ரீதர் வேம்பு பெயர் சொல்லாமல் கண்டித்தார். கோடீசுவரர் செய்தியை நம் பேச்சாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். 660 பேரின் செய்தியைச் சொன்னவர் ஒருவரையும் நான் கேட்டதில்லை.

நம் நாட்டிலேயே நடந்ததும் உண்டு. 2024 அக்டோபரில் டிக்டாக் நிறுவனம் மலேசியாவில் 500 பேருக்குச் சற்றுக் குறைவானோரை நீக்கியது. பலர் காட்சிகளைப் பார்த்து வடிகட்டும் பணியில் இருந்தவர்கள். அவ்வேலையைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளுமாம். செய்தி மின்னஞ்சலில் வந்தது. தோட்டத்திலாவது பிரட்டுக் களத்தில் ஒரு மனிதர் வந்து நின்று முகத்தைப் பார்த்துச் சொல்வார்!

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது நம் பழமொழி. ஆனால் இங்கே வருவது தானமா? உழைப்புக்குரிய ஊதியத்தின் ஒரு பகுதிதான் சாப்பாடாகவும் விளையாட்டறையாகவும் வேடம் போட்டு வருகிறது. அந்த மாட்டின் பல்லைக் கட்டாயம் பிடித்துப் பார்க்க வேண்டும். இரவு உணவு இலவசம் என்றால், இரவு உணவு வேளைவரை நான் ஏன் அங்கே இருக்கிறேன் என்று கேட்கத் தெரிய வேண்டும்.

தொழிலாளர் உண்மையில் எதை வெறுக்கிறார்கள் என்பதற்கு இரண்டு சான்றுகள் தருகிறேன். 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில், ஆர்.எச்.நாதன் போன்றோர் வழிநடத்திய தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரையும் கிராணியும் எதிரே வரும்போது மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. 2018 நவம்பர் 1ஆம் நாள் உலகெங்கும் கூகுள் ஊழியர் ஏறத்தாழ 20,000 பேர் இருக்கையை விட்டு எழுந்து வெளியே நடந்தனர். சம்பளம் போதவில்லை என்றா? பாலியல் தொல்லை புகாருக்கு உள்ளான உயரதிகாரிகளை நிறுவனம் பெருந்தொகை கொடுத்து அனுப்பியதை எதிர்த்து! முன்னவர்கள் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள், பின்னவர்கள் பெரும் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள். கேட்டது ஒன்றே.

அன்றாடம் உணவுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞர்களையும் மறக்க வேண்டா. அவர்களும் இணைய நிறுவனங்களுக்காகவே உழைக்கிறார்கள். ஆனால் பெயர் 'ஊழியர்' இல்லை, 'பங்காளி'! கொழுந்துக்குக் கிலோ கணக்கு, பொட்டலத்துக்கு எண்ணிக்கைக் கணக்கு. மழை பெய்தால் இருவருக்கும் நட்டம். இவர்களுக்கென்று ஒரு சட்ட மசோதா 2025 ஆகஸ்டில்தான் நம் மக்களவையில் நிறைவேறியது. முதலாளி யார் என்று சட்டத்துக்குத் தெரியவே இத்தனை ஆண்டுகள்.

"அப்படியானால் அரசாங்க வேலைக்கே போகச் சொல்கிறீரா? நீர் ஆசிரியர், மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வூதியம் வேறு, உமக்கென்ன!" என்று சிலர் சீறக்கூடும். சீறட்டும். நான் அப்படிச் சொல்லவில்லை. எல்லாரும் ஆசிரியராக முடியாது, ஆகவும் வேண்டா. இணையத் தொழிலில் நல்ல வழிகளும் உள்ளன. ஸ்ரீதர் வேம்பு தென்காசியை அடுத்த மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் அலுவலகம் அமைத்தார். பட்டம் இல்லாத பிள்ளைகளைத் தம் நிறுவனப் பள்ளியிலேயே சேர்த்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஊரைவிட்டுப் போகாமல், பெற்றோர் முகம் பார்த்துக்கொண்டு வேலை செய்வது எவ்வளவு பெரிய பேறு! கம்போங் ராஜாவில் அப்படி ஒன்று வந்தால் முதல் மாலையை நானே போடுவேன். ஆயினும் அதுவும் ஒரு நல்ல துரையின் கதைதான். அவருக்குப் பின்?

ஆகவே பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியது வேறு. நம் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பட்டு 2023 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கும் அலுவலக ஊழியருக்கு, மிகைநேர ஊதியமும் ஆட்குறைப்பின்போது சேவை ஆண்டுக்கு 10 முதல் 20 நாள் வரை கணக்கிடப்படும் தொகையும் அச்சட்டப்படி உரிமையல்ல. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. சம்பளம் ஏற ஏறச் சட்டத்தின் குடை சுருங்குகிறது. அந்த இடத்தில் ஒரு தாள்தான் இருக்கிறது. அந்தத் தாளை வாசிக்காமல் கையெழுத்திடுகிறான் நம் பிள்ளை. காரணமின்றி நீக்கப்பட்டால் 60 நாளுக்குள் தொழிலுறவுத் துறையில் முறையிடலாம் என்பதும், வேலையிழந்தோர்க்கு 2018இல் தொடங்கிய சொக்சோவின் வேலைக் காப்புறுதி உண்டு என்பதும் அவனுக்குத் தெரிவதில்லை. சங்கம் என்றால் தாத்தா காலத்துச் சமாசாரம் என்று சிரிக்கிறான். தமிழ்நாட்டிலேயே, தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று அரசு தெளிவுபடுத்தியது 2016இல்தான். கேட்டவர்கள் இருந்ததால் தெளிவு கிடைத்தது.

தொடக்கப்பள்ளித் தமிழ்ப் பாடத்தில் அலுவல் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். 'ஐயா/அம்மையீர்' முதல் 'இக்கண்' வரை பிழையின்றி எழுதினால் முழுப் புள்ளி. அந்தக் கடிதத்துக்கு வரும் பதிலை வாசிக்க எவரும் கற்பிப்பதில்லை. ஆண்டு 6க்கு ஏற்ற எளிய தமிழில் ஒரு பக்க மாதிரிப் பணி ஒப்பந்தம் ஒன்றை எழுதியிருக்கிறேன். வேலை நேரம், மிகைநேரம், நீக்க அறிவிப்பு, நீக்கத் தொகை, முதலாளி யார், முகவர் யார் என்று ஆறு இடங்களில் வேண்டுமென்றே ஓட்டை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். கருத்துணர்தல் பயிற்சியாக இரண்டு பாடவேளைக்குப் போதும். சக ஆசிரியர் எவருக்கேனும் வேண்டுமானால் மின்னஞ்சல் செய்யுங்கள், அனுப்பி வைக்கிறேன்.