விழுந்து எழுந்த ட்ரோன்

சந்தையில் மண்பானை வாங்கும் பெண், பானையின் அழகை மட்டும் பார்த்துக் காசு கொடுப்பதில்லை. விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறாள். 'கிண்' என்று ஒலித்தால் வாங்குகிறாள். 'டப்' என்று கேட்டால் வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது சொல்லிவிடுகிறது. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு வந்திருக்கும் புதிய யந்திரத்துக்கும் இந்தப் பழைய ஜாக்கிரதை அவசியமாகியிருக்கிறது.

மருந்து தெளிக்கும் ட்ரோன்தான் அந்த யந்திரம். முதுகில் தெளிப்பானைச் சுமந்து சேற்றில் நடக்க ஆள் கிடைக்காத காலத்தில் அது பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்க 1,261 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய சர்க்கார் 2023 நவம்பரில் அங்கீகரித்தது. விலையில் 80 சதவிகிதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம். மீதியை ஏற்கும் குழுவுக்கு அந்த யந்திரம் ஒரு சொத்து. அதுவே ஒரு பொறுப்பும்கூட.

வாய்க்கும் வயல், வாய்க்காத காற்று

கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளையும் நாஞ்சில் நாட்டில், வயலுக்கு வயல் வரப்பிலே தென்னை நிற்கிறது. ஊடே மின்கம்பிகள் ஓடுகின்றன. கன்னிப்பூப் பயிர் வளரும் மாதங்களிலேயே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று சீறி வருகிறது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று, 10 லிட்டர் மருந்துடன் தள்ளாடும் ட்ரோனிடம் மட்டும் தயை காட்டுமா?

ஓலையில் உரசி யந்திரம் சேற்றில் விழுகிறது. தூக்கி எடுக்கிறார்கள். ஒடிந்த விசிறியை மாற்றுகிறார்கள். சுவிட்சைப் போட்டதும் 'விர்' என்று எழும்புகிறது. "பறக்கிறதே, அப்புறம் என்ன?" என்கிறார்கள். பூச்சி விழுந்த பயிர் காத்திராது; அடுத்த வயல்காரர் வரப்பில் நிற்கிறார். ஆபத்து ஆரம்பமாவது இந்த இடத்திலேதான்.

மறைந்திருக்கும் காயங்கள்

ஒடிந்த விசிறி வெளிப்படையான காயம். ஒடியாத விசிறியின் அடியில் மயிரிழைபோல ஓடும் கீறல் மறைந்த காயம். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும்போது அந்தக் கீறல் வளர்ந்து, என்றோ ஒரு நாள் விசிறி பறந்து போகும். மோட்டாரைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். நெருடினால் பேரிங்கில் மண் புகுந்திருக்கலாம், அல்லது தண்டு வளைந்திருக்கலாம்.

கைகள் கார்பன் இழையால் ஆனவை. இரும்பு அடிபட்டால் நசுங்கிக் காட்டிக் கொடுக்கும். கார்பன் இழையோ மேலே பளபளப்பாக இருந்துகொண்டு உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரிந்திருக்கும். ஆகாய விமானங்களின் இத்தகைய பாகங்களை நாணயத்தால் தட்டி, ஓசையில் மாறுதல் கேட்கிறதா என்று பார்ப்பது இன்றும் நடைமுறையில் உள்ள பரிசோதனை. பானைக்காரியின் சாஸ்திரம் விமானக் கொட்டகையிலும் செல்லுபடியாகிறது!

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது பாட்டரி. லித்தியம் பாட்டரிக்குள் மெல்லிய தகடுகள் நெருங்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. அடிபட்டு இடையிலுள்ள தடுப்பு கிழிந்தால் உடனே ஒன்றும் தெரியாது. மணிக்கணக்கில் கழித்துப் புகைந்து தீப்பற்றக்கூடும். ஆகவே விழுந்த ட்ரோனின் பாட்டரியை உடனே வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சார்ஜ் போடக் கூடாது. வைக்கோல் போரிலிருந்து விலக்கி, வெட்டவெளியில் வைத்துக் கவனிக்க வேண்டும். சற்றே உப்பியிருந்தாலும் அதை மறுபடி உபயோகிக்கக் கூடாது.

ஈயப்பற்று விட்டுப்போன கம்பி, தளர்ந்த திருகாணி, தடுமாறும் திசைகாட்டி ஆகியவற்றையும் பார்த்த பின், விசிறிகளைக் கழற்றி மோட்டார்களை மட்டும் ஓட விட வேண்டும். பிறகு காலித் தொட்டியுடன், ஆளில்லாத இடத்தில், தாழ்வாகச் சில நிமிஷம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இறக்கியதும் ஒரு மோட்டார் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் கோளாறு அங்கேதான். மருந்துக்கு முன்னால் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது இறுதிப் பரிசோதனை.

ஏழு வருஷம் காத்திருந்த எமன்

இவ்வளவும் வேண்டுமா என்று கேட்பவர்கள் ஜப்பானில் நடந்ததை நினைக்க வேண்டும். 1978ஆம் வருஷம் ஒரு ஜப்பானிய விமானம் ஒஸாகாவில் இறங்கும்போது வால் தரையில் மோதியது. பழுதுபார்த்தார்கள், அதில் ஒரு பிழை நேர்ந்தது. அது தெரியாமலே விமானம் ஏழு வருஷம் பறந்தது. 1985 ஆகஸ்ட் 12ஆம் தேதி அந்த இடமே பிளந்தது. 520 பேர் மாண்டார்கள்.

ட்ரோனில்தான் ஆளே இல்லையே என்று சொல்லலாம். மேலே ஆளில்லை; கீழே இருக்கிறார்கள். 2024 செப்டம்பர் 18ஆம் தேதி, அரக்கோணத்திலிருந்து கிளம்பிய கடற்படையின் ஆளில்லா விமானம் யந்திரக் கோளாறால் சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டது. யாருக்கும் தீங்கில்லை. அந்த விமானத்துக்கு ஒதுங்கக் கடல் இருந்தது. களை பறிக்கும் பெண்களின் தலைக்குமேல் பறக்கும் ட்ரோன் எங்கே ஒதுங்கும்?

சட்டம் இருக்கிறது, பழக்கம்?

2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, விபத்து நேர்ந்தால் ஓட்டுபவர் 48 மணி நேரத்துக்குள் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு அறிவிக்க வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆனால் அறிவிப்பு, நடந்ததைச் சொல்லுமே தவிர, நாளை நடக்கப் போவதைத் தடுக்காது. அதைத் தடுப்பது பரிசோதனை ஒன்றுதான்.

மகளிர் குழுத் திட்டத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. ஓட்டும் பெண்ணுக்கு 15 நாள் பயிற்சியோடு, பழுதுபார்ப்பதில் நாட்டமுள்ள இன்னொருவருக்கும் உதவியாளர் பயிற்சி உண்டு. இந்த இரண்டாமவரை இரண்டாம் பட்சமாக நினைப்பதுதான் தவறு. நெல்லுக்குப் பெயர்பெற்ற திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையமும், கோணத்திலுள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. விழுந்த ட்ரோனைக் கொண்டுவந்து காட்டவும், பார்க்கத் தெரிந்த இளைஞர்களைத் தயார் செய்யவும் அங்கே ஓர் ஏற்பாடு இருந்தால், நஷ்டமும் குறையும், சிலருக்குப் பிழைப்பும் கிடைக்கும்.

வயல்காரர்களுக்கும் ஒரு கடமை உண்டு. "இன்று பறக்க விடமாட்டேன், பார்க்க வேண்டும்" என்று ஒரு பெண் சொன்னால், அவளைக் கோபிக்காமல் ஒரு நாள் பொறுக்க வேண்டும். ஒரு நாளில் பயிர் போய்விடாது. கீழே நிற்பவரின் உயிர் போனால் திரும்பி வராது.